பக்கவாதத்திற்குப் பின் நீங்காத களைப்பு: புதுப்பிப்பு

பக்கவாதம் வந்து 5 மாதங்கள் ஆகியும், குளித்து உடை மாற்றுவதற்குள்ளேயே தளர்ந்து படுத்துவிடுகிறேன் என்று முன்பு இங்கே எழுதியிருந்தேன். இப்போது 9 மாதங்கள் ஆகின்றன. நீங்கள் வலியுறுத்தியபடி மருத்துவரிடம் சொன்னேன். இரத்தசோகை, தைராய்டு குறைபாடு, உறக்கத்தில் மூச்சுத் தடைபடுதல், மனச்சோர்வு, மருந்துகளின் பக்கவிளைவு ஆகியவையும் களைப்பைக் கூட்டும் என்பதால், அவற்றை ஒவ்வொன்றாகப் பரிசோதித்தார்கள். எனக்கு இரத்தசோகை இருந்தது. அதைச் சரிசெய்தபின் ஓரளவு தெம்பு வந்தது, ஆனால் களைப்பு முழுவதும் நீங்கவில்லை.

லேசான பக்கவாதம் வந்து கைகால்கள் நன்றாக மீண்டவர்களுக்கும் இந்தக் களைப்பு வரக்கூடும் என்றும், உறங்கி எழுந்தால் தீர்ந்துவிடும் சாதாரண அசதி அன்று இது என்றும் மருத்துவர் விளக்கிய பிறகே, என்னை நானே சோம்பேறி என்று குற்றம் சாட்டுவதை நிறுத்தினேன். அந்த விளக்கம் எனக்கு மருந்தைவிடப் பெரிதாக இருந்தது.

தெம்பாக இருக்கும் நாளில் எல்லா வேலைகளையும் முடித்துவிட்டு அடுத்த 2 நாட்கள் எழ முடியாமல் கிடந்ததுதான் என் பெரிய தவறு. இப்போது களைப்பு வருமுன்பே ஓய்வெடுக்கிறேன். பலர் ஒரே நேரத்தில் பேசும் இடத்தில் அரை மணி நேரம் அமர்ந்திருப்பது, நடைப்பயிற்சியைவிட என்னை அதிகம் தளர்த்துகிறது என்பதை நாட்குறிப்பு எழுதியபோதுதான் கண்டுகொண்டேன்; வீட்டாரும் அதைப் படித்துப் புரிந்துகொண்டார்கள். அடுத்த மாதம், வாரத்தில் 2 அரைநாட்கள் மட்டும் வேலைக்குத் திரும்புகிறேன்.