குவாட் 405-க்கு எந்தப் பழைய பிரீஆம்ப் பொருந்தும்?

சிங்கப்பூர் தோ பாயோ வீவக வீட்டில் குவாட் 405 பவர் ஆம்ப் (ஸ்பீக்கரை ஓட்டும் பெருக்கி) ஓடுகிறது. 0.5 வோல்ட்டிலேயே முழு சக்தியைக் கொட்டுகிற ஆம்ப், சிடி பிளேயரோ 2 வோல்ட் தருகிறது. நடுவில் போன மாதம் பழையதாக வாங்கிய வால்வ் பிரீஆம்ப் (பவர் ஆம்ப்புக்கு முன்னால் ஒலி அளவைக் கட்டுப்படுத்தும் பெட்டி). குமிழைக் கொஞ்சம் திருப்பினாலே பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார், பாட்டு நின்றால் உஸ்ஸென்று இரைச்சல், மிருதங்கத்தில் பேஸ் தரும் தொப்பிப் பக்கத்தைக் காணவே காணோம்.

கேபிள், வால்வ் இரண்டையும் மாற்றியாயிற்று. சிம் லிம் டவரில் வாங்கிய 10 டெசிபல் அட்டெனுவேட்டரை (சிக்னலைக் குறைக்கும் கருவி) போட்டதும் இரைச்சல் அடங்கியது, ஆனால் பேஸ் வரவில்லை. 405-இன் இன்புட் இம்பீடன்ஸ் (உள்ளே வரும் சிக்னலுக்கு அது காட்டும் மின்தடை) 20 கிலோ ஓம்தான், இந்த வால்வ் பிரீஆம்ப்பால் அதை இழுக்க முடியவில்லையோ என்று சந்தேகம். வால்யூம் உள்ள டிஏசியை (டிஜிட்டல் ஒலியை அனலாக் ஆக்கும் கருவி) நேராகச் செருகினால் சுத்தமாக இருக்கிறது, அதனால் பவர் ஆம்ப் மேல் பழி இல்லை.

ரெக்கார்டு பிளேயர் கிடையாது, அதனால் அதற்கான இன்புட் தேவையில்லை. கையில் 500 வெள்ளி. பழைய குவாட் 34 பிரீஆம்ப் தேடட்டுமா, இல்லை 10 கிலோ ஓம் பாஸிவ் பிரீஆம்ப்பே (சிக்னலைப் பெருக்காமல் குறைக்க மட்டும் செய்வது) போதுமா?