பூட்டனின் பழைய மலையாளப் பிரமாணத்தைப் படிக்க உதவி வேண்டும்

தக்கலைப் பக்கம் எங்கள் பூட்டன் வாங்கிய நிலத்தின் பிரமாணம் (பத்திரம்) கிடைத்திருக்கிறது. கொல்லம் ஆண்டு 1098, அதாவது 1922-23. மூன்று பக்கம், திருவிதாங்கூர் காலத்துக் கையெழுத்து மலையாளம், மடிப்பில் மை மங்கியிருக்கிறது. பூட்டனின் அப்பா பெயரும் பூர்வீக ஊரும் அதில்தான் இருக்க வேண்டும். வீட்டில் அது தெரிந்த கடைசி ஆள் ஆச்சி, போன வருடம் போய்விட்டார்.

போன் மொழிபெயர்ப்புச் செயலிக்கு ஒரு வரிகூடப் பிடிபடவில்லை. திருவனந்தபுரத்து நண்பர் அச்செழுத்து மலையாளம்தான் வரும் என்கிறார். கோயில் ஞானஸ்நானப் பதிவேட்டில் அந்த வருடப் பக்கங்களைக் கரையான் அரித்துவிட்டது. இணைய வம்சாவளித் தளங்களிலும் தேடினேன், ஒன்றும் இல்லை. அப்புறம், பிரமாணத்தை முழுதாகப் பொதுவில் போட மனமில்லை, தனிச்செய்தியில் அனுப்புகிறேன்.

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் இந்தப் பழைய கையெழுத்தைப் படிக்கத் தெரிந்த பெரியவர் அல்லது பத்திர எழுத்தர் யாராவது இருக்கிறார்களா?