மாநில அரசு கடன் வாங்க ஒன்றிய அரசின் இசைவு ஏன்?

கேள்வி: வணக்கம். ஒன்றிய அரசு தன் கடன் வரம்பைக் குறைத்ததை எதிர்த்துக் கேரள அரசு உச்ச நீதிமன்றம் சென்றது. தானே அடைக்கப்போகும் கடனுக்கு ஒரு மாநிலம் ஏன் இசைவு கேட்டு நிற்க வேண்டும்?

மறுமொழி 1: அரசமைப்புச் சட்டத்தின் 293ஆம் பிரிவின்படி மாநிலங்கள் இந்தியாவுக்குள் மட்டுமே கடன் திரட்டலாம், ஒன்றிய அரசுக்குத் தர வேண்டிய பழைய கடனில் ஒரு பகுதி நிலுவையில் இருந்தாலும் புதுக்கடனுக்கு அதன் இசைவு கட்டாயம். அதன்பின் ரிசர்வ் வங்கி, பெரும்பாலும் செவ்வாய்க்கிழமைகளில், மாநிலக் கடன் பத்திரங்களை ஏலம் விடுகிறது. வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் வாங்குகின்றன.

மறுமொழி 2: நண்பர் சொன்னது சரி, ஆனால் இந்த வழக்கின் முடிச்சு வேறிடத்தில் இருக்கிறது. கிஃப்பி என்னும் கேரள உள்கட்டமைப்பு முதலீட்டு நிதி வாரியம் தன் பெயரில் வாங்கும் கடன், மோட்டார் வாகன வரியின் ஒரு பங்கிலிருந்தும் பெட்ரோல் மீதான மேல்வரியிலிருந்தும் அடைக்கப்படுவதால், அதையும் மாநிலத்தின் கடன் வரம்புக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்கிறது ஒன்றிய அரசு. என் பார்வையில் அது நியாயமே. வரிப்பணத்தில் அடைபடும் கடனை யார் பெயரில் எழுதினால் என்ன? ஆயினும், ஒன்றிய அரசு தன் நிறுவனங்களின் கடனுக்கு இதே அளவுகோலை வைப்பதில்லை என்ற முறையீட்டையும் எளிதில் தள்ளிவிட இயலாது.

கேள்வி கேட்டவர்: நன்றி ஐயா. வழக்கு என்னவாயிற்று?

மறுமொழி 2: இடைக்கால நிவாரணம் தர மறுத்த இரு நீதிபதிகள் அமர்வு, 2024 ஏப்ரலில் அதனை ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசமைப்பு அமர்வுக்கு அனுப்பியது.