'எப்படி இறந்தாள்' என்று கேட்கும் ஆட்டம் பதில் சொல்ல வேண்டாமா?

பெர்ஜுந்தைக்காரன்

நம் செம்பனைநிழல் செய்த இருபது நிமிடக் கணினி ஆட்டத்தை நேற்று இரண்டு முறை ஆடினேன். ஆடாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1987, மலேசியாவின் சிலாங்கூரில் ஒரு செம்பனைத் தோட்டம். மருந்தடிக்கும் வேலை பார்த்த ஒரு பெண் இறந்துவிட்டாள். நாம் தோட்ட ஆஸ்பத்திரி அறையில் நிற்கிறோம். அவளுடைய சட்டை, முதுகில் மாட்டும் மருந்துப் பம்பு, மூக்கைத் துடைத்த துணி, பெரட்டுப் புத்தகம் (காலையில் ஆள் எடுக்கும் வருகைக் கணக்கு), டிரசரின் (தோட்ட மருத்துவ உதவியாளரின்) பதிவேடு ஆகியவை அங்கே இருக்கின்றன. ஒவ்வொன்றாகப் பார்க்கப் பார்க்கச் சில சொற்கள் சேரும். கடைசியில் பதிவேட்டில் 'மரணக் காரணம்' என்ற இடத்தை அந்தச் சொற்களால் நிரப்ப வேண்டும். நிரப்பியதும் விளக்கு அணைந்துவிடுகிறது. எழுதியது சரியா தப்பா என்று ஆட்டம் சொல்வதே இல்லை.

எனக்கு இது ஒப்பவில்லை. லூக்கஸ் போப் 2018-இல் வெளியிட்ட 'ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின்' ஆட்டத்தில் கப்பலில் இருந்த 60 பேரின் கதியையும் நாம் கண்டுபிடிக்க வேண்டும். மூன்று பேருடையதைச் சரியாக எழுதினால்தான் ஆட்டம் அதை உறுதி செய்யும். அதனால் குருட்டாம்போக்கில் எழுதித் தப்பிக்க முடியாது. அதே சமயம், உண்மை ஒன்று இருக்கிறது, தேடினால் கிடைக்கும் என்ற நம்பிக்கை கடைசிவரை கூடவே வரும். இங்கே அந்த நம்பிக்கையைப் பிடுங்கிவிட்டார்கள்.

கயல்

அண்ணே, ஓப்ரா டின்னில் நீங்கள் காப்புறுதிக் கணக்கு எழுத வந்த அதிகாரி. கையில் இறந்தவனின் கடைசி நொடியைக் காட்டும் மாயக் கடிகாரம் இருக்கிறது. தோட்டத்து டிரசர் கையில் என்ன இருந்தது? ஒரு பேனா இருந்தது, வெளியே மானேஜர் காத்திருந்தார். அவ்வளவுதான். அந்த அறையில் நின்றவனுக்கு யாரும் சரி போட்டுக் கொடுக்கவில்லை. எனக்கு மட்டும் ஏன் போட வேண்டும்?

விளக்கு அணைந்த பிறகு பத்து நிமிடம் திரையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். பச்சைக் குறி வந்திருந்தால் மூடிவிட்டுத் தூங்கப் போயிருப்பேன்.

பெர்ஜுந்தைக்காரன்

தங்கச்சி, இது விடை தெரியாத மரணம் இல்லையே. நகம் நிறம் மாறி உதிர்கிறது, மூக்கில் ரத்தம் வருகிறது, தோளில் பம்பு உரசிய இடம் புண்ணாகிறது, பிறகு நாளுக்கு நாள் மூச்சு முட்டுகிறது. பாராகுவாட் என்ற களைக்கொல்லி. அதற்கு மாற்று மருந்து கிடையாது. பதிவேட்டில் 'ஆக்சிஜன் கொடுத்தோம், மோசமானது' என்று ஒரு வரி வருகிறதே, அதை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். பாராகுவாட் உள்ளே போனவருக்கு ஆக்சிஜன் கொடுத்தால் நுரையீரல் இன்னும் கெடும். இவ்வளவு சரியாகத் தடயம் வைத்தவர் முடிவில் மட்டும் கையை விரித்தால் எப்படி?

நான் பத்தாங் பெர்ஜுந்தையில் பிறந்தவன். (பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாற்றினாலும் எங்களுக்கு அது பெர்ஜுந்தைதான்.) எங்கள் லயத்தில் (தொழிலாளர் வீட்டு வரிசையில்) மருந்தடித்த பெண்களின் விரல் நகங்களைப் பார்த்து வளர்ந்தவன். அவர்களில் ஒருவருக்கும் காரணம் எழுதித் தரப்படவில்லை. ஆட்டத்திலும் அதே காலி இடம்தானா?

பழையகிராணி

இருவரும் சொல்வது இருக்கட்டும். ஆட்டத்தில் ஒரு பிழை இருக்கிறது. பெரட்டுப் புத்தகத்தில் மருந்தின் பெயரும் கலவை அளவும் எழுதியிருப்பதாகக் காட்டுகிறீர்கள். நான் பதினோரு வருடம் தோட்ட ஆபிஸில் இருந்தேன். எங்கள் பெரட்டுப் புத்தகத்தில் ஆள் பெயர், முழு நாளா அரை நாளா, எந்த வேலை, இவ்வளவுதான் இருக்கும். மருந்து ஸ்டோர் கணக்கில் வரும். அது வேறு புத்தகம், வேறு அலமாரி.

இதைச் சரிசெய்தால் புதிர் இன்னும் கூர்மையாகும். மூக்கில் ரத்தம் வந்த நாளுக்கு அப்புறமும் மூன்று நாள் அவள் பெயருக்கு நேரே முழு நாள் குறி இருக்கிறது என்று வையுங்கள். அதே மூன்று நாளும் ஸ்டோர் கணக்கில் அதே எண் பம்பு அவள் பெயரில் வெளியே போயிருக்க வேண்டும். இரண்டு புத்தகத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறவனுக்குத்தான் விஷயம் புரியும். தோட்டத்தில் உண்மை எப்போதும் இரண்டு கணக்குக்கு நடுவில்தான் கிடந்தது.

செம்பனைநிழல்

ஐயா, நன்றி. இந்த வாரமே மாற்றிவிடுகிறேன்.

குறி ஏன் வைக்கவில்லை என்று சொல்கிறேன். என் பெரியம்மா மருந்தடித்தவர். அவர் இறந்தபோது தாளில் 'காய்ச்சல்' என்று எழுதியிருந்தது. என் அம்மா இன்றும் யாராவது கேட்டால் "அக்காவுக்குக் காய்ச்சல்" என்றுதான் சொல்கிறார். எழுதின சொல் அப்படியே வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. ஆட்டக்காரர் அந்தப் பேனாவைப் பிடித்துப் பார்க்க வேண்டும் என்று நினைத்தேன். மதிப்பெண் போட்டால் அது பரீட்சையாகிவிடும்.

பெர்ஜுந்தைக்காரன்

தம்பி, இதைப் படித்துக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன். பெரியம்மாவுக்கு என் வணக்கம்.

ஆனால் இரண்டாவது முறை நான் வேண்டுமென்றே 'சொந்தக் கவனக்குறைவு' என்று நிரப்பினேன். அதே விளக்கு, அதே இருட்டு. பம்பு ஒழுகியது என்று எழுதினவனையும், அவள் மேல் பழி போட்டவனையும் உங்கள் ஆட்டம் ஒரே மாதிரி வீட்டுக்கு அனுப்புகிறது. என்னைக் குத்துவது இதுதான். 'காய்ச்சல்' என்று எழுதினவனுக்கும் அன்று ஒன்றும் ஆகவில்லை.

கயல்

அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதுதானே அண்ணே நடந்தது? நாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 2002-இல் பாராகுவாட்டுக்குத் தடை என்றார்கள். தோட்டப் பெண்களுக்கு நேர்ந்ததைத் தெனாகனித்தா என்ற பெண்கள் உரிமை அமைப்பு வெளியே கொண்டுவந்ததும் அதே வருடம்தான். 2006-இல் தடையைத் தளர்த்தினார்கள். 2020 ஜனவரி 1-ஆம் தேதிதான் முழுத் தடை வந்தது. ஓர் அரசாங்கமே விடையை அழித்து அழித்து எழுதியிருக்கிறது. இருபது நிமிடத்தில் உங்களுக்குக் குறி வேண்டுமா?

பெர்ஜுந்தைக்காரன்

குறி வேண்டாம். அதை விட்டுவிடுகிறேன், நீங்கள் சொன்னது நியாயம். ஆனால் விளைவு வேண்டும். நீங்கள் சொன்ன அந்தப் பதினெட்டு வருடமும் யாரோ ஒருத்தி அந்த மருந்தை முதுகில் சுமந்தாள் அல்லவா? விளக்கு அணைந்த பிறகு மறுநாள் விடியலைக் காட்டுங்கள். இருட்டில் பெரட்டு, வரிசையில் பெண்கள். 'காய்ச்சல்' என்றோ 'கவனக்குறைவு' என்றோ எழுதியிருந்தால் அதே பம்பு இன்னொருத்தியின் முதுகில் ஏறட்டும். 'ஒழுகும் பம்பு' என்று எழுதியிருந்தால் அது சுவரிலேயே தொங்கட்டும். ஒரு வார்த்தை பேச வேண்டாம்.

கயல்

இதிலும் எனக்குப் பாதி மனசுதான். பம்பு சுவரிலேயே தொங்குவது நம்பும்படி இல்லை. டிரசர் எழுதியதைப் பார்த்து ஒரு தோட்டம் பம்பை மாற்றியதா? அந்தப் பக்கம் ஆறுதலுக்காகச் சொல்வது போல் இருக்கிறது. இரண்டிலும் பம்பு ஏறட்டும் என்பேன். ஒன்றில் மட்டும், பதிவேடு அலமாரியில் மிஞ்சியிருக்கட்டும்.

செம்பனைநிழல்

இரண்டையும் செய்து பார்க்கிறேன். அம்மாவை உட்கார வைத்து ஆடச் சொல்லப் போகிறேன். அவர் எந்தச் சொல்லை எடுக்கிறார் என்று பார்த்த பிறகுதான் முடிவு செய்வேன்.

ஐயா, பம்பில் எண் எங்கே இருக்கும்?

பழையகிராணி

எங்கள் தோட்டத்தில் டாங்கியின் பின்பக்கம், வெள்ளைப் பெயின்டில். சுமக்கிறவளுக்குத் தெரியாது, பின்னால் நடக்கிறவளுக்குத்தான் தெரியும். அப்படியே வையுங்கள்.