யூரியாக் கரைசலில் சுருங்கிய செல் தானாகவே விரிந்துவிட்டது: எங்கே தப்பு செய்தேன்?

ஊதா இலை

வணக்கம். புதன்கிழமை எனக்குச் செய்முறை வகுப்பு. அதற்குள் இந்தச் சிக்கலைத் தீர்த்தாக வேண்டும்.

ரியோ என்ற செடியின் இலையில் ஊதா நிற அடிப்புறத் தோலை உரித்து, பிளாஸ்மா சிதைவு (நீரை இழந்து செல்லின் உள்பகுதி சுவரை விட்டுச் சுருங்குவது) காட்டும் வழக்கமான சோதனைதான். எப்போதும் சர்க்கரைக் கரைசலில் செய்வோம். ஆனால் அது ஸ்லைடு, லென்ஸ், விரல் என்று எல்லாவற்றிலும் பிசுபிசுவென்று ஒட்டுகிறது. மறுநாள் மேசையில் எறும்பு வேறு. வேதியியல் ஆய்வகத்தில் சுத்தமான யூரியா இருந்தது. செறிவு ஒன்றாக இருந்தால் சவ்வூடு பரவல் அழுத்தமும் (சவ்வின் வழியே நீரை இழுக்கும் வலு) ஒன்றுதானே என்று மாற்றிப் பார்த்தேன்.

இரண்டு கரைசலும் 0.6 மோலார். 100 மில்லி லிட்டரில் சர்க்கரை 20.5 கிராம், யூரியா 3.6 கிராம். முதல் பத்து நிமிடம் இரண்டு ஸ்லைடும் ஒரே மாதிரி இருந்தன. ஊதா நிறப் பகுதி சுவரை விட்டு விலகி அழகாகச் சுருங்கியது. கவர்ஸ்லிப் ஓரத்தில் அவ்வப்போது கரைசல் விடச் சொல்லி உதவியாளரிடம் விட்டுவிட்டு வகுப்புக்குப் போனேன். இரண்டு மணி நேரம் கழித்து வந்து பார்த்தால், சர்க்கரை ஸ்லைடு அப்படியே இருக்கிறது. யூரியா ஸ்லைடில் செல்கள் எல்லாம் பழையபடி சுவர் வரை நிரம்பிக் கிடக்கின்றன. தண்ணீர் யாரும் விடவில்லை. புதுக் கரைசல் தயாரித்து மறுபடி செய்தேன், அதே கதை.

எடை தப்பா? யூரியா பழசா? இல்லை செல் செத்துவிட்டதா?

அவசரக்குடுக்கை

கவர்ஸ்லிப் ஓரத்தில் தண்ணீர் ஆவியாகிச் செறிவு மாறியிருக்கும். எனக்கும் ஒருமுறை இப்படி ஆனது. சுற்றிலும் வாசலின் தடவிப் பாருங்கள்.

ரசாயனக்காரன்

ஆவியானால் கரைசல் கெட்டியாகும், செல் இன்னும் அதிகமாகச் சுருங்கும். இங்கே நடந்தது நேர் எதிர்.

எடையும் சரிதான். சர்க்கரை, யூரியா இரண்டுமே நீரில் அயனியாகப் பிரியாதவை. அதனால் 0.6 மோலார் என்றால் இரண்டிலும் துகள் எண்ணிக்கை ஒன்றுதான். சாதாரண உப்பை எடுத்திருந்தால் அது இரண்டாகப் பிரியும், கணக்கு மாறும். பத்து நிமிடத்தில் இரண்டும் ஒரே அளவு சுருங்கியதே, அதுவே கரைசல் சரி என்பதற்குச் சாட்சி. பிறகு என்ன நடந்தது என்பதை உயிரியல்காரர்கள் சொல்லட்டும்.

அவசரக்குடுக்கை

சரி, அதை விடுங்கள். அப்படியானால் செல் செத்துவிட்டது. செத்த செல்லில் சவ்வு கிழிந்து நிறம் பரவிவிடும், பார்ப்பதற்கு நிரம்பியது போலத்தான் இருக்கும். அந்தத் தோலை எடுத்து அப்படியே 0.6 சர்க்கரையில் போடுங்கள். உயிர் இருந்தால் உடனே சுருங்கும்.

ஊதா இலை

போட்டுப் பார்த்தேன். பத்து நிமிடம் ஆயிற்று, சுருங்கவே இல்லை. அப்போது செத்துத்தான் போய்விட்டதா? யூரியா செல்லுக்கு விஷமா?

பழைய நுண்ணோக்கி

டீச்சர், அந்தத் தோலைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். சர்க்கரையிலேயே இருக்கட்டும், காயாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். காரணத்தைச் சொல்கிறேன்.

தராசும் சரி, யூரியாவும் சரி. தப்பு "அழுத்தமும் ஒன்றுதானே" என்ற அந்த "தானே"யில் இருக்கிறது. சவ்வூடு பரவல் அழுத்தம் கரைசலின் குணம். செல் சுருங்குமா, சுருங்கினால் எவ்வளவு நேரம் சுருங்கியிருக்கும் என்பது கரைசலை மட்டும் பார்த்துச் சொல்லக்கூடியது அல்ல. அந்தக் கரைபொருளைச் சவ்வு உள்ளே விடுமா என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

நீர் சவ்வைத் தாண்டுவது மிக வேகம். அதனால் முதல் சில நிமிடங்களில் செல்லிலிருந்து நீர் வெளியே ஓடுகிறது, செல் சுருங்குகிறது. இந்தக் கட்டத்தில் வெளியே இருப்பது சர்க்கரையா யூரியாவா என்று செல்லுக்குத் தெரியாது. ஆனால் யூரியா சும்மா வெளியே நிற்பதில்லை. மெதுவாகச் சவ்வைத் தாண்டி உள்ளே கசிகிறது. அது உள்ளே சேரச் சேர, கூடவே நீரும் திரும்பி வருகிறது. கடைசியில் உள்ளேயும் வெளியேயும் யூரியா சமம். அப்போது செல்லைப் பொறுத்தவரை யூரியா இல்லாத மாதிரிதான். செல்லின் சொந்த உப்பும் சர்க்கரையும் மட்டும் கணக்கில் நிற்கின்றன. அவை நீரை இழுத்துச் செல்லைச் சுவர் வரை நிரப்பிவிடுகின்றன. பாடப்புத்தகத்தில் பிளாஸ்மா சிதைவு மீட்சி என்று வருமே, அதேதான். நாம் தண்ணீர் விட்டுச் செய்வதை இங்கே யூரியா தானாகச் செய்துவிட்டது.

சர்க்கரைக்கு அந்த வழி கிடையாது. இரண்டு மணி நேரம் என்ன, அதற்கு மேலும் வெளியேதான் நிற்கும்.

இப்போது சர்க்கரையில் போட்டும் ஏன் உடனே சுருங்கவில்லை? செல்லுக்குள் 0.6 மோலார் அளவுக்கு யூரியா ஏறியிருக்கிறது, அதற்கு மேல் சொந்தக் கரைபொருள்களும் இருக்கின்றன. வெளியே 0.6 சர்க்கரை. உள்பக்கக் கணக்குதான் இன்னும் கூடுதல், பிறகு நீர் எதற்கு வெளியே வரும்? யூரியா முதலில் வெளியேற வேண்டும். உள்ளே போக எடுத்த நேரத்தை வெளியே வரவும் எடுக்கும். காத்திருங்கள். செத்த செல் எவ்வளவு காத்திருந்தாலும் சுருங்காது.

அவசரக்குடுக்கை

என் பெயருக்கு ஏற்ற பதிலைத்தான் எழுதியிருக்கிறேன் போலிருக்கிறது. மன்னிக்கவும் டீச்சர்.

ஊதா இலை

சுருங்கிவிட்டது! ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆனது. முதலில் மூலைகளில் மட்டும் சுவரை விட்டு விலகியது, அப்புறம் முழுசாக. ஒப்பிட்டுப் பார்க்க ஒரு தோலைக் கொதிநீரில் முக்கியும் பார்த்தேன். அதில் நிறம் செல் முழுவதும் கசிந்து மங்கலாக இருக்கிறது, எந்தக் கரைசலிலும் அசையவில்லை.

மிக்க நன்றி சார். ஒரு கேள்வி. வகுப்பில் இதை எப்படிச் சொல்வது? "யூரியா சின்ன மூலக்கூறு, அதனால் ஓட்டை வழியாகப் போகிறது. சர்க்கரை பெரிசு, போகாது." இப்படிச் சொன்னால் போதுமா? மூலக்கூறு நிறை 60, 342 என்று எண்ணும் ஒத்து வருகிறது.

பழைய நுண்ணோக்கி

ஒத்து வருவதுதான் ஆபத்து. சல்லடை உவமையை நானும் பல வருடம் சொன்னவன்தான். ஒரு பையன் எழுந்து, "சோடியம் அயனி யூரியாவை விடச் சின்னதாயிற்றே, அது ஏன் சார் போவதில்லை?" என்றான். அன்றோடு விட்டேன்.

சவ்வின் அடிப்படை பாஸ்போலிப்பிட் ஈரடுக்கு. நடுவில் இருப்பது எண்ணெய் போன்ற படலம். அதைத் தாண்டும் பொருள் நீரை விட்டுவிட்டு எண்ணெய்க்குள் நுழைந்து மறுபக்கம் வர வேண்டும். மின்னூட்டம் உள்ள அயனியை நீர் மூலக்கூறுகள் சுற்றிப் பிடித்துக்கொண்டிருக்கின்றன, அந்தப் பிடியை விட்டு எண்ணெய்க்குள் போக அதற்குப் பெரிய ஆற்றல் செலவு. ஆகவே எவ்வளவு சின்னதாக இருந்தாலும் நின்றுவிடுகிறது. புரதம் எதுவும் இல்லாத வெறும் லிப்பிட் ஈரடுக்கில், சோடியத்தை விட நீர் சுமார் நூறு கோடி மடங்கு எளிதாகக் கடக்கிறது. சல்லடை என்று எடுத்துக்கொண்டால் இந்த வித்தியாசம் வரவே வராது. யூரியா நடுத்தரம்: மின்னூட்டம் இல்லை, சிறியது, ஆனால் எண்ணெயில் அவ்வளவாகக் கரையாது. அதனால்தான் போகிறது, ஆனால் மெதுவாக.

இதைக் கண்டுபிடித்ததே உங்கள் "தப்பு" மாதிரியான சோதனைகளை வைத்துத்தான். 1880களில் ஹியூகோ டி விரீஸ் கரைசல்களின் அழுத்தத்தை ஒப்பிட இதே ரியோ இலையைப் பயன்படுத்தினார். அப்போது அதன் பெயர் டிரேடஸ்கான்ஷியா டிஸ்கலர். யூரியா செல்லுக்குள் புகுவதைப் பற்றியும் அவர் எழுதியிருக்கிறார். அடுத்த பத்தாண்டில் எர்னஸ்ட் ஓவர்டன் நூற்றுக்கணக்கான பொருள்களை இப்படிச் செல்லில் விட்டுப் பார்த்து, கொழுப்பில் நன்றாகக் கரைபவை வேகமாக உள்ளே போகின்றன என்று கண்டார். செல்லின் எல்லையில் கொழுப்பு போன்ற ஏதோ இருக்க வேண்டும் என்ற எண்ணம் அங்கிருந்து வந்தது. சவ்வை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்ப்பதற்கு அரை நூற்றாண்டு முன்பு!

ரசாயனக்காரன்

குறுக்கே ஒரு சந்தேகம். ஊதா நிறம் இருப்பது வாக்குவோலில், அதாவது செல்லுக்குள் சாறு நிறைந்த பையில் அல்லவா? அப்படியானால் யூரியா ஒரு சவ்வை அல்ல, இரண்டைத் தாண்டியிருக்கிறது.

அப்புறம், நீருக்கு மட்டும் எண்ணெய்ப் படலம் ஏன் இவ்வளவு தாராளமாக இருக்கிறது? நீரும் எண்ணெயில் கரையாத பொருள்தானே?

பழைய நுண்ணோக்கி

முதல் பாயிண்ட் சரியான பிடி. செல் சவ்வு ஒன்று, வாக்குவோலைச் சுற்றிய சவ்வு இன்னொன்று. நாம் பார்க்கும் ஊதா நிறம் இரண்டாவதற்குள் இருக்கிறது. அந்த நிறமி வெளியே வராமல் இருப்பதே செல் உயிரோடு இருப்பதற்கு அடையாளம்.

இரண்டாவது கேள்விக்கு: நீர் மிகச் சிறியது, மின்னூட்டமும் இல்லை, செறிவோ மிக அதிகம். அதனால் படலத்தில் ஓரளவு தானே கடந்துவிடும். ஆனால் சில செல்களில் அந்த வேகம் போதாது. 1992இல் பீட்டர் ஏகர் குழுவினர் சிவப்பணுச் சவ்வில் ஏராளமாக இருந்த ஒரு புரதத்துக்கான ஆர்.என்.ஏ.வைத் தவளையின் முட்டைச் செல்லில் செலுத்தினார்கள். சாதாரண முட்டைச் செல் நீர்த்த கரைசலில் போட்டாலும் அதிகம் அசையாது. இதுவோ ஊதி வெடித்தது. அதுதான் அக்குவாபோரின், நீருக்கென்றே உள்ள வழி. 2003 நோபல் அதற்குத்தான். அதே பரிசைப் பகிர்ந்த ராடரிக் மக்கினன் காட்டிய பொட்டாசியம் வழி இன்னும் வேடிக்கை. பொட்டாசியம் அயனி சோடியத்தை விடப் பெரியது. ஆனாலும் அந்த வழியில் பொட்டாசியம்தான் பத்தாயிரம் மடங்கு எளிதாகப் போகிறது. நீர் மூலக்கூறுகளுக்குப் பதிலாகப் புரதத்தின் ஆக்சிஜன் அணுக்கள் அதைச் சரியான தூரத்தில் பிடித்துக்கொள்கின்றன. சோடியத்துக்கு அந்தத் தூரம் பொருந்துவதில்லை. உங்கள் சல்லடையில் பெரிசு போய்ச் சின்னது நிற்குமா டீச்சர்?

இரத்த வங்கி

யூரியா என்றதும் உள்ளே வந்தேன். எங்கள் பக்கத்தில் இது தினசரி விஷயம். சிவப்பணுவை 0.9 சதவீத உப்பு நீரில் போட்டால் அப்படியே இருக்கும். அதே சவ்வூடு பரவல் அழுத்தம் உள்ள யூரியாவில் போட்டால் கண் முன்னாலேயே வெடித்துவிடும். அதற்குச் சுவர் கிடையாதே. உங்கள் இலைச் செல்லைச் சுவர் காப்பாற்றியது, சிவப்பணுவைக் காப்பாற்ற ஆள் இல்லை.

வேகமும் வேறு. இலைச் செல்லில் மணிக்கணக்கு, இங்கே சில விநாடிதான். காரணம், சிவப்பணுச் சவ்வில் யூரியாவுக்கென்றே ஒரு கடத்துப் புரதம் இருக்கிறது. கிட் என்ற இரத்தவகையை நிர்ணயிப்பதும் அதே புரதம்தான். மிக அரிதாகச் சிலருக்கு அது இருப்பதில்லை. அவர்கள் இரத்தத்தை 2 மோலார் யூரியாவில் விட்டால் உடனே வெடிக்காமல் நெடுநேரம் தாக்குப்பிடிக்கும். அப்படிப்பட்டவர்களைக் கண்டுபிடிக்க இந்தச் சோதனையையே பயன்படுத்துகிறார்கள்.

ஊதா இலை

அப்படியானால் செல்லைச் சுருக்கவோ விரிக்கவோ செய்யாத "ஒத்த செறிவுக் கரைசல்" என்று புத்தகத்தில் வருவது?

இரத்த வங்கி

சவ்வு தடுக்கும் கரைபொருளை மட்டும் எண்ணினால் அது உண்மை. உள்ளே புகும் பொருளையும் சேர்த்து எண்ணினால் ஏமாற்றும். கரைசலின் பெயரோடு செல்லின் பெயரையும் சேர்த்துச் சொல்லிக்கொடுங்கள்.

ரசாயனக்காரன்

இன்னொன்றும் சேர்த்துவிடலாம். நாம் இதுவரை பேசியதெல்லாம் தானாக நடப்பது, அதிகமிருக்கும் பக்கத்திலிருந்து குறைவான பக்கத்துக்கு. சோடியம் உள்ளே குறைவாகவும் பொட்டாசியம் அதிகமாகவும் இருப்பது விலங்குச் செல் காசு கொடுத்து வாங்கும் நிலை. ஒரு ஏடிபி (செல்லின் ஆற்றல் நாணயம்) செலவில் மூன்று சோடியம் வெளியே, இரண்டு பொட்டாசியம் உள்ளே.

பழைய நுண்ணோக்கி

உண்மை, ஆனால் அதை இந்த வகுப்பில் திணிக்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். ஒரு மணி நேரத்தில் இரண்டு ஸ்லைடே அதிகம்.

புதன்கிழமைக்கு வழக்கமான சோதனையைச் சர்க்கரையிலேயே செய்யுங்கள். பிசுபிசுப்பு பொறுக்கவில்லை என்றால் மானிட்டால் இருக்கிறதா பாருங்கள், அதுவும் எளிதில் உள்ளே போகாது. யூரியா ஸ்லைடை வகுப்புக்கு இரண்டு மணி நேரம் முன்பே தயாரித்து, பக்கத்தில் புதிதாக ஒன்று வையுங்கள். ஒரே கரைசல், ஒரே இலை, ஒன்று சுருங்கியது, ஒன்று விரிந்தது. விடையைச் சொல்லாமல் மாணவர்களைச் சண்டை போட விடுங்கள்.

ஊதா இலை

அப்படியே செய்கிறேன் சார். கடைசியாக ஒன்று. தோலின் ஓரத்தில் ஒரு வரிசைச் செல்கள் சர்க்கரையிலும் சுருங்குவதில்லை, யூரியாவிலும் சுருங்குவதில்லை. மாணவர்கள் கட்டாயம் அதைத்தான் முதலில் பார்ப்பார்கள்.

பழைய நுண்ணோக்கி

உரிக்கும்போது கிழிந்த செல்கள் அவை. சவ்வு போய்விட்டது, சுருங்குவதற்கு ஒன்றும் இல்லை. ஸ்லைடை நடுவுக்கு நகர்த்தி வைத்துவிட்டுக் கூப்பிடுங்கள்.