கடலூரிலிருந்து ஃபேஷன் காஸ்டிங் வேலைக்குப் போக வழி இருக்கிறதா?

மஞ்சக்குப்பத்துப் பொண்ணு:

வணக்கம். பி.காம். முடித்துவிட்டுப் புதுச்சேரி நேரு வீதிப் பக்கம் ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதுகிறேன். தினமும் கடலூரிலிருந்து பஸ். போன ஆடித் தள்ளுபடி விளம்பரத்துக்காகச் சென்னையிலிருந்து மாடல்களின் படங்கள் வாட்ஸ்அப்பில் வந்து குவிந்தன. அவற்றைப் பிரித்து முதலாளிக்குக் காட்டும் வேலை என் தலையில் விழுந்தது. எந்தப் புடவைக்கு யார் என்று நான் போட்ட வரிசைப்படிதான் கடைசியில் ஷூட் நடந்தது. இதையே தொழிலாகச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள், காஸ்டிங் டைரக்டர் என்று பெயர் என்பதெல்லாம் பிறகுதான் தெரிந்தது.

இதற்கு நிஃப்ட் (மத்திய அரசின் ஃபேஷன் கல்லூரி) மாதிரி எங்காவது படிக்க வேண்டுமா? ஓர் இடத்தில் இதற்கென்று கோர்ஸ் நடத்துகிறோம் என்று 40,000 ரூபாய் கேட்கிறார்கள், சேரலாமா? அப்பா "மாடல் சப்ளை பண்ற வேலையா?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவருக்கு என்ன சொல்வது?

ஒயிட் டவுன் கிளிக்:

தங்கச்சி, நான் இங்கே போட்டோகிராபர். பாண்டியில் இதைத் தனி வேலையாகச் செய்கிறவர்களை நான் பார்த்ததில்லை. சின்ன ஷூட் என்றால் மாடலை நானே பார்த்துவிடுவேன், இல்லாவிட்டால் மேக்கப் போடுகிறவர் யாரையாவது சொல்வார். பெரிய கடை என்றால் சென்னையிலிருந்து கோஆர்டினேட்டர் வருவார். அதற்கென்று தனியாக யார் காசு கொடுப்பார்கள்? கணக்கு வேலையை விட்டுவிடாதே.

முத்தியால்பேட்டைக்காரி:

அண்ணன் சொன்னது பாதி சரி. நான் மும்பையில் ஒரு காஸ்டிங் ஆபீசில் அசிஸ்டென்ட்டாக இருந்துவிட்டு, அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஊர் திரும்பியவள். சென்னை, பெங்களூர் பிராண்டுகள் பாண்டியில் ஷூட் வைத்தால் ஆள் பிடித்துக் கொடுக்கிறேன். தனியாகத்தான் காசு வாங்குகிறேன், ஆனால் அதைக் கேட்டு வாங்கத் தெரிய வேண்டும்.

முதலில் அப்பா விஷயம். ஏஜென்சி என்பது மாடல் பக்கம். மாடலுக்கு வரும் சம்பளத்தில் கமிஷன் எடுக்கும். காஸ்டிங் டைரக்டர் துணி விற்கிறவர் பக்கம். டிசைனரோ பிராண்டோ புரொடக்‌ஷன் கம்பெனியோ ஃபீஸ் கொடுக்கும். மாடலிடம் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. ரெஜிஸ்ட்ரேஷன், போர்ட்ஃபோலியோ என்று பெண்களிடம் பணம் கேட்கிறவன் ஏஜென்டும் இல்லை, காஸ்டிங்கும் இல்லை. உன் அப்பா பயப்படுவது அவனைப் பார்த்து, அந்தப் பயம் நியாயம்தான்.

கோர்ஸுக்குப் பணம் கட்டாதே. இந்த வேலைக்கு லைசென்ஸ், பட்டம் எதுவும் தேவையில்லை. பெரும்பாலானவர்கள் யாரிடமாவது அசிஸ்டென்ட்டாக இருந்துதான் மேலே வந்தார்கள். நிஃப்டில் படித்தால் நாளைய டிசைனர்களும் ஸ்டைலிஸ்ட்டுகளும் நண்பர்களாகக் கிடைப்பார்கள், அது ஒரு லாபம்.

வேலையில் முகம் பார்ப்பது கொஞ்சம்தான், தேதி பிடிப்பதுதான் நிறைய. எப்படிப்பட்ட ஆள் வேண்டும் என்ற குறிப்பு, அதாவது பிரீஃப், வந்ததும் ஏஜென்சிகளிடம் பேக்கேஜ் கேட்போம், அதாவது பொருத்தமான மாடல்களின் படங்களும் அளவுகளும். அலங்காரம் செய்த படங்களை நான் பார்ப்பதே இல்லை. டிஜிட்டல்ஸ்தான் வேண்டும்: மேக்கப் கூடாது, முடியைப் பின்னால் கட்டி, வெறும் சுவர் முன்னால், பகல் வெளிச்சத்தில் நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, முழு உருவம் ஒன்று, நடக்கிற வீடியோ ஒன்று. உயரத்தை நேரில் செருப்பில்லாமல் அளக்க வேண்டும், ஏனென்றால் மாடலின் படமும் அளவும் போட்ட கார்டில் 5 அடி 9 என்று எழுதியிருக்கும், ஆள் 5 அடி 7 இருப்பாள். பிடித்தவர்களின் தேதிக்கு ஃபர்ஸ்ட் ஆப்ஷன் போடுவோம், அதாவது உறுதி செய்யாமலே அந்தத் தேதியை முதலில் நமக்கென்று பிடித்து வைப்போம். அதே தேதிக்கு வேறொருவர் அவளை உறுதி செய்யத் தயார் என்றால் ஏஜென்சி நம்மைக் கூப்பிடும். உடனே கன்ஃபர்ம் செய்ய வேண்டும், இல்லையென்றால் விட்டுவிட வேண்டும். டிசைனர் அப்போதும் "யோசிக்கிறேன்" என்பார். அந்த இரண்டு பேருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு போனும் கையுமாக நிற்பதுதான் காஸ்டிங். லாக்மே ஃபேஷன் வீக் சமயத்தில் முந்தைய நாள் ராத்திரி ஒருத்திக்குக் காய்ச்சல் என்பார்கள். அதே அளவு உடம்பில் இன்னொருத்தியை விடியும் முன் ஃபிட்டிங்குக்குக் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். நீ கணக்கு எழுதுகிறவள், உனக்கு இது வரும்.

நம் ஊரில் கஷ்டம் நிறம்தான். பிரீஃபில் "ஃபேர்" என்று கூச்சமில்லாமல் எழுதி அனுப்புவார்கள். சண்டை போட்டால் அடுத்த வேலை வராது. அதனால் கேட்ட மாதிரி சிலர், நடுவில் கேட்காத இரண்டு பேர் என்று அனுப்புவேன். அந்த இரண்டு பேரை மட்டும் அவர்கள் கடைப் புடவையையே கட்டவைத்துப் படம் எடுத்திருப்பேன். அரக்கும் மாம்பழ மஞ்சளும் மாநிறத்தில் எப்படி எடுக்கும் என்று கடைக்காரருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை, அவர் வீட்டுப் பெண்கள் எல்லாம் அந்த நிறம்தான். சிலர் மனம் மாறுவார்கள். ஒருவர் "எடிட்டில் வெளுத்துக்கலாம்" என்றார். அந்தக் கடைக்கு நான் மறுபடி போகவில்லை.

இன்னொன்று, பாண்டியில் மட்டும் வரும் தொல்லை. ரோமன் ரோலண்ட் வீதியில் மஞ்சள் சுவர் பக்கம் ஷூட் வைத்தால் "ஆரோவில்லிலிருந்து ஒரு வெள்ளைக்காரப் பெண்ணைக் கூட்டி வாங்க" என்பார்கள். சுற்றுலா விசாவில் வந்தவர் இங்கே சம்பளத்துக்கு வேலை செய்யக் கூடாது. விசா பக்கத்தைப் பார்க்காமல் யாரையும் தேர்வுப் பட்டியலில் ஏற்றாதே. மாட்டிக்கொண்டால் கஷ்டப்படுவது அந்தப் பெண்தான்.

மஞ்சக்குப்பத்துப் பொண்ணு:

நன்றி அக்கா. வெளிநாட்டில் மாடல்களைப் பட்டினி போடுகிறார்கள், மணிக்கணக்கில் நிற்கவைக்கிறார்கள் என்று படித்தேன். அதெல்லாம் காஸ்டிங் டைரக்டர் செய்வதா? அப்புறம், பொங்கல் விளம்பரத்துக்கு முதலாளி குழந்தைகள் கேட்கிறார். நம் ஸ்டாஃப் பிள்ளைகளையே நிற்கவைக்கலாமா?

முத்தியால்பேட்டைக்காரி:

காஸ்டிங் செய்கிறவர்களும்தான் செய்தார்கள். அதை வெளியே சொன்னவரும் ஒரு காஸ்டிங் டைரக்டர்தான், ஜேம்ஸ் ஸ்கல்லி. 2017 பிப்ரவரியில் பாரிஸில் பலென்சியாகா என்ற ஃபேஷன் பிராண்டின் காஸ்டிங்குக்கு வந்த 150-க்கும் மேற்பட்ட பெண்களை மாடிப்படியில் மணிக்கணக்கில் காக்கவைத்து, விளக்கையும் அணைத்துவிட்டு, காஸ்டிங் பார்த்தவர்கள் சாப்பிடப் போய்விட்டார்கள் என்று இன்ஸ்டாகிராமில் எழுதினார். அந்த காஸ்டிங் ஆட்களோடு பிராண்ட் உறவை முறித்துக்கொண்டது. அதே வருடம் செப்டம்பரில் எல்விஎம்எச், கெரிங் என்ற இரண்டு பெரிய பிரெஞ்சு ஃபேஷன் குழுமங்களும் சேர்ந்து ஒரு சாசனம் போட்டன. பெண்களில் பிரெஞ்சு அளவு 34-க்கும், ஆண்களில் 44-க்கும் குறைந்தவர்களைக் கேட்கக் கூடாது, 16 வயது ஆகாதவர்களைப் பெரியவர்கள் உடைக்கு நிறுத்தக் கூடாது, டாக்டர் சான்றிதழ் வேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கிறது. இங்கே அப்படி ஒரு சாசனத்தில் யாரும் நம் கையைக் கட்டவில்லை. தண்ணீர், நாற்காலி, உடை மாற்ற ஒரு அறை, இருட்டும் முன் வீட்டுக்குப் போக வண்டி, இவற்றை நான் கோட்டேஷனிலேயே எழுதிவிடுவேன்.

குழந்தைகளை அப்படி நிறுத்த முடியாது. 2017-ல் திருத்திய குழந்தைத் தொழிலாளர் விதிகளின்படி மாவட்ட மாஜிஸ்திரேட் அனுமதி வேண்டும். ஒரு நாளில் 5 மணி நேரத்துக்கு மேல் கூடாது, ஓய்வில்லாமல் 3 மணி நேரத்துக்கு மேல் கூடாது, வருமானத்தில் குறைந்தது 20 சதவீதம் குழந்தை பெயரில் வங்கியில் ஃபிக்ஸட் டெபாசிட் போட வேண்டும். ஸ்டாஃப் பிள்ளை என்றால் இன்னும் ஜாக்கிரதை. முதலாளி கேட்டால் எந்தத் தாய் "முடியாது" என்பாள்?

ஒயிட் டவுன் கிளிக்:

அந்த வெளுக்கிற எடிட்டைக் கடைசியில் செய்து கொடுப்பது நாங்கள்தான் மேடம். மறுத்தால் அடுத்த ஸ்டூடியோவுக்குப் போய்விடுவார்கள். நீங்கள் போகாமல் இருக்கலாம், எனக்கு கேமரா தவணை இருக்கிறது.

முத்தியால்பேட்டைக்காரி:

தெரியும் அண்ணா, உங்களைச் சொல்லவில்லை. ஆனால் எடிட்டுக்குத் தனி ரேட் போடுங்கள். "நிறம் மாற்றுதல்" என்று பில்லில் ஒரு வரி இருந்தால் பாதிப் பேர் அதை எழுத வேண்டாம் என்பார்கள்.

பொண்ணு, வேலையை விடாமலே தொடங்கலாம். உன் கடை ஷூட்டில் வரும் ஒவ்வொருவருக்கும் உயரம், அளவு, வந்த நேரம், போட்டோ எத்தனை மாதம், எங்கே ஓடும் என்று ஒரு எக்செல் போடு. கடைசி விஷயத்தை எழுத்தில் வாங்கு. ஒரு தீபாவளிக்கு எடுத்த படம் கடலூர் ரோட்டு ஹோர்டிங்கில் இரண்டாவது தீபாவளி வரை நின்றது, அந்தப் பெண்ணுக்கு மறு காசு வரவில்லை. அடுத்த மாதம் பீச் ரோடு பக்கம் எனக்கு ஒரு கைத்தறி ஷூட் இருக்கிறது. வந்து பார்க்கிறாயா?

மஞ்சக்குப்பத்துப் பொண்ணு:

கண்டிப்பாக அக்கா. புதன்கிழமை எனக்கு லீவு. அப்பாவையும் கூட்டி வரலாமா?

முத்தியால்பேட்டைக்காரி:

தாராளமாக. புதன்கிழமையாகவே வைத்துக்கொள்கிறேன். கால் டைம், அதாவது எல்லோரும் வந்து சேர வேண்டிய நேரம், காலை 5.30, அதனால் பஸ்ஸை நம்பாமல் வண்டியில் வாருங்கள். அளவு டேப் ஒன்று கொண்டு வா. அப்பாவுக்கும் சேர்த்து டிபன் சொல்லிவிடுகிறேன்.