மலைக் குளிரில் ஊறிய ஒயின்: நீங்கள் பார்த்ததைச் சொல்லுங்கள்

கோத்தகிரியிலிருந்து:

பிளம்ஸ் கூடைகள் சந்தைக்கு வர ஆரம்பித்ததும் இங்கே நிறையப் பேர் ஒயின் ரெசிபி கேட்டு எழுதியிருக்கிறீர்கள். ரெசிபி எங்கும் கிடைக்கும். எத்தனை கிலோ பழம், எத்தனை கிலோ சர்க்கரை என்று எழுதித் தருகிறவர் யாரும் உங்கள் வீட்டுச் சமையலறையில் ராத்திரி எத்தனை டிகிரி இருக்கும் என்று கேட்பதில்லை, நம் மலையில் முதலில் கேட்க வேண்டியதே அதுதான். நான் பார்த்த சிலரைப் பற்றிச் சொல்கிறேன்.

அதற்கு முன் ஒரு விஷயம், தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள். தமிழ்நாட்டில் 1937-ம் வருடத்து மதுவிலக்குச் சட்டம் இன்றும் அமலில் இருக்கிறது. உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம், கள்ளக்குறிச்சிச் சாவுகளுக்குப் பிறகு 2024-ல் தண்டனையை இன்னும் கடுமையாக்கிவிட்டார்கள். வீட்டுக்குத்தானே, கிறிஸ்துமஸுக்குத்தானே என்று நினைத்து இறங்க வேண்டாம். நான் ஒயினும் பீரும் போடக் கற்றுக்கொண்டது லீட்ஸில் வேலையில் இருந்த காலத்தில். இங்கிலாந்தில் 1963-லிருந்தே சொந்த உபயோகத்துக்கு வீட்டில் பீர் காய்ச்ச உரிமம் வேண்டியதில்லை, என்னோடு வேலை பார்த்தவர்களில் பாதிப் பேர் வீட்டு கராஜில் ஒரு பீப்பாய் வைத்திருந்தார்கள். ஊர் திரும்பியபின் நான் போடுவதில்லை. ஆனாலும் இந்தப் பேச்சு எங்கே நடந்தாலும் போய் உட்கார்ந்துவிடுவேன்.

முதலில் குன்னூர் ஆன்டி. நான் பள்ளியில் படிக்கும்போது குன்னூர் பெட்ஃபோர்ட் பக்கம் இருந்த ஆங்கிலோ இந்தியன் குடும்பம். அக்டோபர் வந்தால் பரணியைக் கழுவிக் காயவைப்பார்கள். கறுப்பு திராட்சை, சர்க்கரை, ஒரு கைப்பிடி கோதுமை, கொஞ்சம் பட்டை, கிராம்பு, பேக்கரியிலிருந்து வாங்கிய ஈஸ்ட், கொதித்து ஆறிய தண்ணீர், அவ்வளவுதான். 21 நாள் என்பது எல்லா வீட்டிலும் சொல்லும் கணக்கு. ஆன்டி மட்டும் அந்தக் கணக்கை நம்ப மாட்டார். பரணியை விறகடுப்புக்கு நேர் பக்கத்தில் வைக்காமல், அடுப்புச் சுவருக்கு அந்தப்புறம் இருந்த அறையில், பழைய கம்பளியைச் சுற்றி வைத்திருப்பார். தினமும் மரக்கரண்டியால் ஒரு தடவை கிளறுவார், துணியைக் கட்டுவதற்கு முன் பரணி வாயில் காது வைத்துக் கேட்பார். சத்தம் குறைந்தால் கம்பளி இன்னொன்று ஏறும். மழை விடாமல் பெய்த வருடத்தில் 21 நாள் கடந்தும் அவர் வடிகட்டவில்லை, "இன்னும் பேசிக்கிட்டுத்தான் இருக்கு, இரு" என்றார்.

இதற்குக் காரணம் பின்னால்தான் புரிந்தது. ரொட்டி ஈஸ்ட் இருபது டிகிரிக்கு மேல் சுறுசுறுப்பாகச் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலும் கார்பன் டை ஆக்ஸைடுமாக மாற்றும், பத்துப் பன்னிரண்டுக்குக் கீழே போனால் அடங்கிப் படுத்துவிடும். சாகாது. நம் ஊர் டிசம்பர் ராத்திரி அதைவிடக் கீழே போகும், ஊட்டியில் உறைபனியே விழும். சமவெளியில் எழுதிய ரெசிபியின் நாள் கணக்கு இங்கே எப்படிப் பொருந்தும்?

இந்த "சாகாது" என்பதைத்தான் எங்கள் பக்கத்து வீட்டு அண்ணன் மறந்துவிட்டார். நவம்பரில் திராட்சை ஒயின் போட்டார். ஜனவரியில் குமிழி சுத்தமாக நின்றுவிட்டது. தெளிந்து அழகாக நின்றது, ருசி பார்த்தால் நல்ல இனிப்பு. முடிந்துவிட்டது என்று பீர் பாட்டில்களில் ஊற்றி, மூடியை இறுக்கி, ஸ்டோர் ரூமில் அடுக்கிவிட்டார். மார்ச் கடைசியில் தகரக் கூரை சூடேற ஆரம்பித்ததும் ஒன்று வெடித்தது, அதன் துண்டு பட்டு இன்னொன்று, அப்புறம் வரிசையாக. மறுநாள் காலையில் போய்ப் பார்த்தேன், கண்ணாடிச் சில்லு மரக்கதவில் குத்தி நின்றது. கதவுக்குப் பின்னால் அந்த நேரம் ஒரு ஆள் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்!

கணக்கு எளிதுதான். ஒரு கிராம் சர்க்கரை புளித்தால் ஏறக்குறைய அரை கிராம் கார்பன் டை ஆக்ஸைடு, அதாவது கால் லிட்டர் வாயு. பீருக்கு நுரை வர வேண்டுமென்று பாட்டிலில் அடைக்கும்போது சேர்க்கும் சர்க்கரையே லிட்டருக்கு ஆறேழு கிராம்தான். நாக்குக்கு நன்றாகத் தெரியும் அளவு இனிப்பு என்றால் இருபது முப்பது கிராம் தாராளமாக இருக்கும், அதோடு உயிருள்ள ஈஸ்ட்டும் உள்ளே இருந்தால் எந்தப் பீர் பாட்டிலும் தாங்காது. குமிழி நின்றதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். திரவத்தின் அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டரை மிதக்கவிட்டுப் பாருங்கள். தண்ணீர் 1.000 காட்டும், இனிப்பில்லாமல் முழுதாகப் புளித்த ஒயின் அதற்கும் கொஞ்சம் கீழே காட்டும், ஏனென்றால் ஆல்கஹால் தண்ணீரைவிட லேசு. குளிர்காலத்தில் போட்டதை வெதுவெதுப்பான அறைக்குக் கொண்டுவந்து சில நாள் வைத்து, அளவு இறங்காமல் நிற்கிறதா என்று பார்க்காமல் மூடியை இறுக்கவே கூடாது. இது லீட்ஸில் எனக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் முதல் நாளே சொன்ன பாடம், அங்கேயும் குளிர்தானே.

இன்னொருவர் ரிட்டயரான டீ மேக்கர். எஸ்டேட் ஃபேக்டரியில் வாழ்நாள் முழுக்க இலையின் வாசனையை வைத்தே எப்போது டிரையரில் போடுவது என்று முடிவு செய்தவர். தேயிலைக்காரர்கள் ஃபெர்மென்டேஷன் என்று சொல்வதில் ஈஸ்ட்டுக்கு வேலை கிடையாது, இலையின் என்சைம் காற்றோடு சேர்ந்து செய்வது. ஆனால் அந்த மூக்கு இருக்கிறதே, அது எதற்கும் உதவும். யாரோ கொண்டுவந்து காட்டிய பிளம்ஸ் ஜாடியை ஒரு தடவை முகர்ந்துவிட்டு, "அழுகின முட்டை வாசனை லேசா வருது, ஈஸ்ட்டுக்குச் சாப்பாடு பத்தல, இது சரிபண்ணலாம்" என்றார். அடுத்த ஜாடிக்கு, "இது காடி. மூடி சரியில்ல, காத்து போயிருக்கு, இனி ஊறுகாய்க்கு வச்சுக்க." இரண்டுமே சரி. முதலாவது ஹைட்ரஜன் சல்ஃபைடு, நைட்ரஜன் சத்து போதாத ஈஸ்ட் விடுவது. இரண்டாவது அசெட்டிக் பாக்டீரியா, காற்று இல்லாமல் அதற்குப் பிழைப்பில்லை. ஆன்டி போட்ட கைப்பிடி கோதுமைக்கு வேலை என்னவென்று இந்த டீ மேக்கரிடமே கேட்டேன், "சர்க்கரையும் பழமும் மட்டும் போட்டா வயிறு நிரம்பும், தெம்பு வராது" என்றார்.

பீரைப் பற்றி ஒன்றே ஒன்று. லீட்ஸ் நண்பர் ஒருவர் ஊட்டிக்கு வந்திருந்தார், என்னைவிடப் பெரிய பீர் பைத்தியம். டீக்குத் தண்ணீர் வைத்ததும் தெர்மாமீட்டரை உள்ளே விட்டார்! 92, 93 டிகிரியிலேயே தளதளவென்று கொதிக்கிறது. குக்கர் இல்லாமல் இங்கே பருப்பு வேகாது என்று நமக்குத் தெரியும், அவருக்கோ உடனே ஹாப்ஸ் ஞாபகம், பீருக்குக் கசப்புக்காகப் போடும் பூ அது. ஹாப்ஸின் கசப்பு பீரில் இறங்க வேண்டுமென்றால் அதன் ஆல்ஃபா அமிலங்கள் கொதிநிலையில் உருமாற வேண்டும், சூடு குறைந்தால் அது மெதுவாகும். இங்கே காய்ச்சினால் ஹாப்ஸ் கூடப் போட வேண்டும் அல்லது ரொம்ப நேரம் கொதிக்கவிட வேண்டும் என்றார். அப்போது இங்கே அந்தக் காலத்தில் எப்படிக் காய்ச்சினார்கள் என்று பேச்சு போனது. 1915-ல் தாமஸ் லீஷ்மன் பல ப்ரூவரிகளை ஒன்றாக்கி யுனைடெட் ப்ரூவரீஸ் தொடங்கியபோது அதில் நீலகிரி ப்ரூவரியும் ஒன்று. படகர்கள் பார்லி விளைவித்த மலை இது. அந்த நிலமெல்லாம் இப்போது தேயிலையும் கேரட்டும்.

கொடைக்கானலிலிருந்து:

உங்கள் பாட்டில் கதையைப் படித்ததும் எங்கள் சித்தப்பாவுக்குக் காட்டினேன், அவரும் இதே போல ஒன்று பார்த்திருக்கிறாராம். ஆனால் ஒரு இடத்தில் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 1.000-க்குக் கீழே இறங்க வேண்டும் என்பதைப் பேரிக்காய்க்குச் சொல்லாதீர்கள். பேரிக்காயில் சார்பிட்டால் என்று ஒரு இனிப்பு இருக்கிறது, ஈஸ்ட் அதைத் தொடாது. எனக்குத் தெரிந்த ஒருவர் வெளிநாட்டில் பேரிக்காயில் போட்டுவிட்டு, அளவு 1.000-க்கு மேலேயே நிற்கிறதே என்று மறுபடி மறுபடி ஈஸ்ட் போட்டுக்கொண்டிருந்தார். அது முடிந்தே பல வாரம் ஆகியிருந்தது.

அப்புறம் ஜாடி. எங்கள் ஊரில் மலைப்பூண்டு ஊறுகாய் போடாத வீடு ஏது? 2019-ல் புவிசார் குறியீடு வாங்கின பூண்டு, அதன் வாசனை லேசில் போகாது. பூண்டு போட்ட பரணியில் வேறு எதை ஊறப்போட்டாலும் பூண்டுதான். சோடா உப்பு, வெயில், கொதிநீர் எல்லாம் போட்டுப் பார்த்துவிட்டேன், இஞ்சி மொரப்பாவுக்குக்கூட அது ஆகவில்லை. தனிப் பரணி வையுங்கள்.

ஒரு கேள்வி. கள்ளக்குறிச்சிக்குப் பிறகு எங்கள் வீட்டில் புளித்தது எது என்றாலும் மெத்தனால் என்று பயப்படுகிறார்கள். அம்மா பழ வினிகரைக்கூடத் தொட மாட்டேன் என்கிறார்.

கோத்தகிரியிலிருந்து:

பேரிக்காய் விஷயம் ரொம்பச் சரி, நன்றி. எண் எதுவாக இருந்தாலும் வெதுவெதுப்பில் அது அசையாமல் நிற்க வேண்டும், அப்படியே வைத்துக்கொள்வோம்.

அம்மாவிடம் இப்படிச் சொல்லுங்கள். கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தது சாராயத்தில் மெத்தனாலைக் கொண்டுவந்து கலந்ததால். பழத்தில் உள்ள பெக்டினிலிருந்து புளிக்கும்போது வரும் மெத்தனால் மிகக் கொஞ்சம், பழச்சாற்றிலேயே துளி இருக்கும். காய்ச்சி வடிப்பது முற்றிலும் வேறு காரியம், அதன் பக்கமே யாரும் போகக் கூடாது, இங்கே யாராவது அதைப் பற்றிக் கேட்டால் பதில் சொல்லாதீர்கள். வினிகருக்குப் பயப்பட ஒன்றுமில்லை.

சித்தப்பா பார்த்த பாட்டில்கள் எந்த மாதம் வெடித்தன, எந்தப் பழம் என்று கேட்டு எழுதுங்கள். உங்கள் பக்கம் கோடை வெயில் எங்களைவிட முன்னால் ஏறுகிறதா என்று தெரிந்துகொள்ள ஆசை.